விளையாட்டும் வேலையும்: எல்லையோர அடுக்களைக்கான பாத்திர வடிவமைப்பு

அடுக்களைப் பாத்திரத்தில் வேடிக்கையைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. செய்து முடித்த பாத்திரத்தின்மேல் பூவும் பறவையுமாக ஒட்டவைப்பது ஒரு வழி. பாத்திரம் செய்யும் வேலையிலிருந்தே வேடிக்கையை எடுப்பது இன்னொரு வழி. முதல் வழியில் பிறந்தவை சீக்கிரம் அலுத்துவிடுகின்றன. தேய்த்துக் கழுவும்போது இடைஞ்சலாகவும் இருக்கின்றன. இரண்டாவது வழியில் பிறந்தவை பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகின்றன. இந்த அத்தியாயம் இரண்டாவது வழியை விளக்குகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் கிடைக்கும் பொருள்களையும், அங்குள்ள வீடுகளின் சமையலையும் அது அடிப்படையாகக் கொள்கிறது.

வேலைக்குள் இருக்கும் விளையாட்டு

மூங்கில் புட்டுக்குற்றி இதற்கு நல்ல சான்று. கணு நீக்கிய மூங்கில் குழாய், அடியில் துளையிட்ட சில்லு, வெளியே நெருக்கமாகச் சுற்றிய கயிறு, கீழே தண்ணீர் கொதிக்கும் குடம். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். குழாய்க்குள் பிசிறிய மாவும் தேங்காய்த் துருவலும் மாறி மாறி விழுகின்றன. தேங்காய் அடுக்கு மாவை இறுகவிடாமல் நீராவிக்கு வழிவிடுகிறது. பரிமாறும்போது புட்டு அந்த இடத்தில்தான் அளவாக உடைகிறது. கயிறு சூட்டைக் கைக்கு விடாமல் தடுக்கிறது. ஈரமான மூங்கில் வழுக்காமலும் பார்த்துக்கொள்கிறது. வெந்த புட்டைக் குச்சியால் தள்ள, வெள்ளைத் தூண் வழுக்கி வெளியே வரும். பிள்ளைகள் தட்டோடு காத்திருப்பது அந்தக் கணத்துக்காகத்தான். அலங்காரத்துக்கென்று அதில் எதுவுமே சேர்க்கப்படவில்லை.

அச்சு முறுக்கு அச்சும் இதே இனம். பூ வடிவத்தில் வளைத்த பித்தளை இழைகள் ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். அச்சைக் காயும் எண்ணெயில் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் பூ கழன்று வராது. பூவின் அழகும் மொறுமொறுப்பும் ஒரே காரணத்தால் வருகின்றன: இழைகள் மெல்லியவை, எண்ணெய் எல்லாப் பக்கமும் புகுகிறது.

சேவை நாழியின் மாற்று வில்லைகள் மூன்றாவது சான்று. ஒரே குழலில் நுண்துளை வில்லை போட்டால் சேவை, நட்சத்திரத் துளை போட்டால் முள்ளு முறுக்கு, நீள்துளை போட்டால் ரிப்பன் பக்கோடா. நான்கைந்து வில்லைகளில் வீட்டின் பலகாரப் பட்டியலே மாறிவிடுகிறது.

இடமும் வானிலையும்

ஒரே பாத்திரம் பாலக்காட்டுச் சமவெளியிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கி மலையிலுள்ள மூணாற்றிலும் ஒரே மாதிரி உழைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மார்கழி, தை மாதங்களில் உலர்ந்த கிழக்குக் காற்று வீசுகிறது. கோடையில் சித்தூர், வாளையாறு வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மூணாறோ கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே இருக்கிறது; குளிர்காலத்தில் அதன் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வெப்பம் பூஜ்யம் வரை இறங்குவதுண்டு.

இதிலிருந்து இரண்டு விதமான வடிவமைப்பு பிறக்கிறது. சமவெளிக்கு வேண்டியது குளிர்விக்கும் பாத்திரம். மெருகிடாத மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கிறது. குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி இந்த விதியை வைத்தே மின்சாரம் வேண்டாத மண் குளிர்சாதனப் பெட்டியை உருவாக்கி ‘மிட்டிகூல்’ என்ற பெயரில் விற்றார். வீட்டளவில் எளிய வடிவம் போதும்: பெரிய பானைக்குள் சிறிய பானை, நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் ஈர மணல், மேலே ஈரத்துணி. கறிவேப்பிலை, கீரை, தயிர் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. காற்று உலர்ந்திருக்கும் மாதங்களில் நன்றாக வேலை செய்யும். ஆடி மழையில் பயன் தராது. மழைக்காலத்தில் அதே சோடியைப் பிரித்துத் தனித்தனிப் பானைகளாகப் புழங்கும்படி அளவு வைப்பது நல்லது.

மலைக்கு வேண்டியது சூட்டைக் காக்கும் பாத்திரம். உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். மூணாற்றில் அது 95 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. திறந்த பானையில் அரிசியும் பருப்பும் வேகத் தாமதமாவது இதனால்தான். இறுக்கமான மூடியும் குக்கரும் அங்கே அவசியமாகின்றன. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய ‘சூடாறாப்பெட்டி’ இதற்கு இன்னொரு விடை. பரிஷத்தின் ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம் பாலக்காட்டுக்கு அருகே முண்டூரில் இருக்கிறது. சூட்டை வெளியே விடாத பெட்டிக்குள், சில நிமிடம் கொதித்த அரிசிப் பானையை மூடியோடு இறக்கிவைத்தால், மிச்ச வேக்காடு அடுப்பில்லாமலே நடந்துவிடும். மூங்கில் கூடையில் பழைய கம்பளியையும் பஞ்சையும் தைத்து இதே பெட்டியை வீட்டில் செய்யலாம். பானை அசையாமல் பொருந்துவது முக்கியம். கூடையை வாத்து வடிவத்திலோ ஆமை வடிவத்திலோ பின்னினாலும் உள்ளே இருக்கும் குழி பானையின் அளவே இருக்க வேண்டும்.

வரைவதற்கு முன் கேட்க வேண்டியவை

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தனர். அகமதாபாதில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அது அடிப்படையானது. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களில் மிகச் சிறந்ததாக அவர்கள் பாராட்டியது சாதாரணச் செம்பைத்தான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையிலா இடுப்பிலா கையிலா எதில் சுமப்பது, நிறைந்தபோதும் காலியானபோதும் நிலை தடுமாறுமா, ஊற்றும்போது எப்படி ஒழுகும், எப்படிக் கழுவுவது என்று பல கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்லும் வடிவம் அது என்பது அவர்கள் கருத்து. அந்த விடை ஒருவர் கண்டதன்று. பல தலைமுறைகள் திருத்தித் திருத்தி வந்தது.

புதிய பாத்திரம் வரைபவர் நான்கு கேள்விகளுக்காவது விடை எழுதிக்கொள்ள வேண்டும்.

எடை: நிறைந்த நிலையில் 2 கிலோவைத் தாண்டும் பாத்திரத்துக்கு இரண்டு காதுகள் வேண்டும். உருளிக்கு இரண்டு காது இருப்பது அதனால்தான்.

பிடி: பெரியவர் கைக்கு 6 முதல் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள டம்ளர் பொருந்தும்; சிறுவர் கைக்கு 5 போதும். மூட்டுவலி உள்ள முதியோருக்குக் கரண்டிக் காம்பு தடிமனாகவும் நீள்வட்டமாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆக்ஸோ நிறுவனம் 1990இல் கொண்டுவந்த தடித்த ரப்பர் பிடிக் கருவிகள், நிறுவனர் சாம் ஃபார்பரின் மனைவிக்கு இருந்த மூட்டுவலியிலிருந்து பிறந்தவை. வலி இல்லாதவர்களும் அவற்றையே விரும்பி வாங்கினார்கள்.

ஊற்று: மூக்கின் நுனி, பாத்திரத்தின் நிறைமட்டத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்; தாழ்ந்திருந்தால் நிரப்பும்போதே வழியும். நுனி கூர்மையாக முடிந்தால் நீர் அறுந்து விழும். உருண்டு முடிந்தால் அடிப்பக்கமாக வழிந்தோடும். கேரளத்துக் கிண்டியின் மூக்கு இந்த இரண்டு விதிகளுக்கும் பாடம்.

கழுவுதல்: விரலோ தேங்காய் நாரோ எட்டாத மூலை எந்தப் பாத்திரத்திலும் இருக்கக்கூடாது.

பொருளும் அதன் குணமும்

மண்: களிமண் உலர்ந்து சுடப்படும்போது பொதுவாக 10 சதவீதம் வரை சுருங்கும். முடிவில் 12.2 சென்டிமீட்டர் வேண்டுமானால் சக்கரத்தில் 13.6 இருக்க வேண்டும். குயவரிடம் ‘சுட்ட அளவு’ என்று தெளிவாகச் சொல்வது சண்டையைத் தவிர்க்கும். கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வயல் மண் எடுப்பது எளிதன்று. மண் குறைவாகப் பிடிக்கும் சிறிய கலங்கள், நல்ல விலை கிடைக்கும் புது வடிவங்கள் ஆகியவை குயவருக்கும் உதவும். புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சிறுதீயில் பழக்கிய பிறகே குழம்பு வைக்க வேண்டும்.

கல்சட்டி: மாக்கல்லில் கடையப்படுவது. மெதுவாகச் சூடேறி, இறக்கிவைத்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும். பாலக்காட்டு அக்ரகாரங்களின் மோர்க்குழம்புக்கும் புளிங்கறிக்கும் இந்தக் குணமே உயிர். கல் திடீர்ச் சூட்டைத் தாங்காது. பல நாள் கஞ்சியில் ஊறவைத்து, எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பழக்க வேண்டும். அடுப்பில் இருந்து நேரே சாப்பாட்டு மேசைக்கு வரும் பாத்திரமாக வடிவமைக்க இதைவிட நல்ல பொருள் இல்லை. அடியில் மூங்கில் வளையம் ஒன்று இருந்தால் போதும்.

வெண்கலம்: செம்பு நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைய, வெள்ளீயம் ஒரு பங்குக்கு மேல் என்பது ஓட்டு உலோகத்தின் ஏறத்தாழக் கணக்கு. பாலக்காட்டுக்கு அருகே திருச்சூர் மாவட்டத்தின் நடவரம்பும், தெற்கே ஆலப்புழை மாவட்டத்தின் மான்னாரும் இந்த வார்ப்புக்குப் பெயர் பெற்றவை. மெழுகு வார்ப்பு முறையில் ஒவ்வொரு அச்சும் உடைக்கப்படுவதால், ஒற்றைப் பாத்திரத்துக்குக்கூடத் தனி வடிவம் கேட்கலாம். காதை யானைத் துதிக்கையாக வளைக்க விரும்பினால் மெழுகு நிலையிலேயே வளைத்துவிட வேண்டும். பின்னால் பற்றவைக்கும் காது கழலும். பித்தளையில் துத்தநாகம் இருப்பதால் புளி சேரும் சமையலுக்கு உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும்.

ஈயச் செம்பு: ரசத்துக்கு மணம் சேர்க்கும் இந்தச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். வெறும் செம்பை ஒரு நிமிடம் தீயில் விட்டாலும் அடி போய்விடும். முதலில் புளித்தண்ணீர், பிறகே அடுப்பு. காரீயம் கலந்த செம்பு நஞ்சு. சுத்த வெள்ளீயத்தை வளைத்தால் மெல்லிய கிறீச்சொலி எழும். காரீயம் மிகுந்தது தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு போடும். ஐயம் இருந்தால் ஆய்வுக்கூடச் சோதனைதான் முடிவு.

சிரட்டை, மூங்கில்: முற்றிய தேங்காயின் சிரட்டையை நார் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினால் கருமெருகு ஏறும். காம்பைப் பசையால் ஒட்டாமல் இரண்டு துளையிட்டு ஆப்பு இறுக்க வேண்டும்; வெந்நீரில் பசை இளகும். மூங்கில் மூன்று ஆண்டாவது முற்றியிருக்க வேண்டும். கொதிநீரில் வேகவைத்து உலர்த்தினால் வண்டு அரிப்பது குறையும். மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் குடிக்கும் கலங்களைவிடத் தட்டு, கூடை, தாங்கி ஆகியவற்றுக்கே மூங்கில் ஏற்றது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் மலைவாழ் மக்கள் ஈற்றை என்ற மூங்கில் இனத்தின் மெல்லிய கீற்றுகளில் நெய்யும் கண்ணாடிப்பாய் 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. நெசவாளரிடம் நியாயவிலைக்குச் சிறு துண்டுகளாகக் கேட்டு வாங்கினால் சூட்டுத்தாங்கிக்கு அது அருமையான பொருள்.

இலையும் மட்டையும்: கேரளம் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த பிறகு பாக்கு மட்டைத் தட்டுகள் பெருகின. உதிர்ந்த மட்டையை நனைத்துச் சூடான அச்சில் அழுத்தினால் தட்டு தயார். படகு, இலை, மீன் என்று வடிவம் மாற்றலாம். ஆழம் கூடினால் மட்டை கிழியும். பாக்கின் ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்துள்ளது. சூடான, புளிப்பான குழம்புக்கு மேலே வாழையிலைத் துண்டு விரிப்பது இங்கே எளிதான காப்பு.

வடிவ யோசனைகள்

*இரட்டிக்கும் கிண்ணங்கள்.* பழைய முகத்தலளவையில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. இந்த இரட்டிப்பு வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அரைக்கோளக் கிண்ணங்கள் செய்தால், அவை பரிமாறவும் அளக்கவும் பிள்ளைகள் கணக்குக் கற்கவும் உதவும். கொள்ளளவு இரட்டிக்க விட்டம் 1.26 மடங்கு ஆக வேண்டும். உள் விட்டம் 6.1, 7.7, 9.7, 12.2 சென்டிமீட்டர் என்று வைத்தால் 60, 120, 240, 480 மில்லி பிடிக்கும். சுவர் அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்.

*கவிழ்த்தால் தட்டு.* சட்டியின் மூடிக்குக் குமிழ் வைக்காமல், அதே இடத்தில் ஒரு வளைய அடி வைத்தால், மூடி கவிழ்ந்து தட்டாகும். மண் மடக்கு பல ஊர்களில் இந்த வேலையை ஏற்கெனவே செய்கிறது. விளிம்பில் கரண்டிக் காம்பின் அளவுக்கு ஒரு வெட்டு விட்டால், கரண்டி உள்ளே இருக்கும்போதே மூடலாம். ஆவியும் அங்கே வெளியேறும்.

*ஏழு குழிப் பூ.* அப்பக்காரையில் நடுவே ஒரு குழி, சுற்றி ஆறு என்று வைத்தால் சம அளவு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி அமையும்; பூவும் கிடைக்கும், சூடும் சீராகும். குழியை நட்சத்திரமாகவோ இதயமாகவோ மாற்றக்கூடாது. நெய்யப்பத்தைக் கம்பியால் தள்ளும்போது அது குழிக்குள்ளேயே புரண்டு திரும்ப அரைக்கோளம்தான் இடம் கொடுக்கும்.

*பேசும் பாத்திரம்.* ‘மூன்று விசில்’ என்பது தமிழ்ச் சமையலில் ஏற்கெனவே ஓர் அளவு. இரட்டைச் சுவருள்ள பால் குக்கரின் விசிலும் அதே இனம். இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக ரிச்சர்ட் சாப்பர் 1983இல் வடிவமைத்த கெட்டில், இரண்டு பித்தளைக் குழல்களால் இரண்டு சுரங்களை எழுப்பித் தண்ணீர் கொதித்ததை அறிவிக்கிறது. வேலையைத் தெரிவிக்கும் ஓசை எரிச்சலூட்டாமல் இனிமையாகவும் இருக்கலாம் என்பதற்கு அது சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட அடுப்புள்ள உணவகத்தில் ஒவ்வொரு கெட்டிலுக்கும் வேறு சுரம் வைப்பது நேரடியாகப் பயன்படும்.

*எடை வெட்டிய பாத்திரம்.* பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பெயரோடு, அடியில் வெறும் பாத்திரத்தின் எடையையும் கிராமில் வெட்டிவிட்டால், உள்ளிருக்கும் மாவையோ வெல்லத்தையோ வேறு ஏனத்துக்கு மாற்றாமல் தராசில் நேரே நிறுக்கலாம். எழுத்தறியாத குழந்தையின் வட்டிலுக்குப் பெயருக்குப் பதிலாக மீனோ மயிலோ புள்ளிகளால் வெட்டலாம்.

*தோட்டத்துத் தூக்கு.* தேயிலைத் தோட்டத்துக்குச் சரிவில் ஏறிப்போகிறவர்களின் தூக்குவாளி சாயாமல் இருக்க வேண்டும். சோறு அடி அடுக்கிலும், இலகுவான தொடுகறி மேலேயும் இருந்தால் கனம் கீழே நிற்கும். மேல் மூடி டம்ளராகவும், ஓர் உள்தட்டு வட்டிலாகவும் பயன்படட்டும். கைப்பிடியில் வீட்டுக்கு ஒரு நிறத்தில் நூல் சுற்றினால் பத்துத் தூக்குக்கு நடுவிலும் சொந்தத் தூக்கு தெரியும். குளிர்ந்த கம்பி கையையும் உறுத்தாது.

*ஊருக்கேற்ற டம்ளர்.* வெளியே மடிந்த விளிம்பும் அகன்ற டவராவும் சித்தூர் வெயிலில் காப்பியைச் சீக்கிரம் ஆற்ற உதவும். மறையூருக்கு மேலே போனால் அதே டம்ளர் தேநீரை நாலு வாய்க்குள் குளிரச் செய்துவிடும். மலைக்குக் குறுகிய வாய், இரட்டைச் சுவர், உள்ளங்கைகள் இரண்டும் பொத்திப் பிடிக்க உருண்டையான வயிறு ஆகியவை பொருந்தும்.

தவிர்க்க வேண்டியவை

மறைவான குழாய் வைத்த பாத்திரங்கள் பார்க்க வியப்பானவை. வசுதேவர் குழந்தைக் கண்ணனைச் சுமக்கும் உருவம் நடுவே அமைந்த பித்தளைக் கிண்ணம் ஒன்று உண்டு. தண்ணீர் கண்ணனின் பாதத்தைத் தொட்டதும் உருவத்துக்குள் மறைந்த வளைகுழாய் முழுத் தண்ணீரையும் கீழே இறக்கிவிடும். வளைகுழாய் விதியைக் கற்பிக்க அது மிகச் சிறந்த பொம்மை. பால் ஊற்றிக் குடிக்கும் கிண்ணமாக அது பயன்படாது, ஏனெனில் குழாயின் உள்ளே கழுவ முடியாது. பிலிப் ஸ்டார்க் 1990இல் அலெஸ்ஸிக்கு வரைந்த மூன்று கால் எலுமிச்சை பிழிவான் உலகப் புகழ் பெற்றது; விதையை வடிக்க அதில் வழியில்லை. காட்சிப் பொருளாக வாங்குவதும் அடுக்களைக்கு வாங்குவதும் வேறு வேறு முடிவுகள்.

மறையூர்ச் சந்தன மரங்கள் வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அந்த மரத்தில் பாத்திரம் என்று யார் கொண்டுவந்தாலும் வாங்கக்கூடாது. பலா, மா, புளி, தென்னை ஆகிய மரங்கள் பலகைக்கும் அகப்பைக்கும் போதும். மரத்தின் உள்பக்கம் வார்னிஷ் பூசுவதையும், மண் கலத்தின் உள்ளே வண்ணப்பூச்சு அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். வண்ணம் வெளிப்புறத்தில் நிற்கட்டும்.

மாதிரியும் சோதனையும்

முதல் மாதிரி அட்டையிலோ பச்சைக் களிமண்ணிலோ உண்மையான அளவில் அமைய வேண்டும். தாளில் நன்றாகத் தெரியும் பிடி, கையில் வேறாக இருக்கும். பிறகு குயவரோ வார்ப்பவரோ ஒரே ஒரு பாத்திரம் செய்து தரட்டும். வடிவத்தை முடிவு செய்யும் முன் அவர் சொல்லும் திருத்தங்களைக் கேட்பது பணத்தை மிச்சப்படுத்தும். எந்த வளைவு சூளையில் விரியும், எந்தக் காது வார்ப்பில் நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு பாத்திரத்தை ஐந்து வகையில் சோதிக்கலாம்: முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு கையால் தூக்குவது, எண்ணெய்க் கையோடு பிடிப்பது, மூன்று வேகத்தில் ஊற்றி வழிகிறதா என்று பார்ப்பது, புளிக்குழம்பு ஓர் இரவு வைத்து நிறமும் சுவையும் மாறுகிறதா என்று கவனிப்பது, அடிப்பிடித்த சோற்றை அதிலிருந்து தேய்த்துக் கழுவுவது. இந்தச் சோதனைகளை வரைந்தவர் செய்வதைவிட, நாள்தோறும் சமைப்பவரும் வீட்டிலுள்ள மூத்தவரும் ஒரு சிறுபிள்ளையும் செய்வது சரியான முடிவைத் தரும். மூவருக்கும் பொருந்திய பிறகே தொகுதியாகச் செய்யக் கொடுக்க வேண்டும்.